சங்கத்துக் கட்டைவிரல்

நோலீன் பாஸ்கோவின் கால் நுனிக்கும் ஷூவின் மூக்குக்கும் நடுவே சரியாக ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"இருக்கணும்," என்றார் கடைக்காரர் ஆஞ்சலோ. தரையில் மண்டியிட்டு, ஷூவின் முனையைத் தன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடப் போறே. இருபதைத் தாண்டினா கால் உப்பிடும். இடம் இல்லேன்னா நகம் கழண்டு கையில வந்துடும்."

"போன வருஷம் ரெண்டு வந்துச்சு."

"அதை ஏன் இவ்வளவு பெருமையா சொல்றே?"

"எங்க சங்கத்துல நகம் போனா கைதட்டுவாங்க, ஆஞ்சலோ."

நோலீனுக்கு அறுபத்திரண்டு வயது. போர்ட் டன்ஸ்டன் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறவள். அந்த மதியம் நான்கு ஜோடி ஷூக்களை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டாள். முதலாவது மெத்தென்று இருந்தது, ஆனால் கணுக்கால் படகில் நிற்பது போல ஆடியது. இரண்டாவதில் குதிகால் நழுவியது. மூன்றாவது விரல்களை நெரித்தது. நான்காவதன் நிறத்தைப் பார்த்தால் பேருந்துக் குழந்தைகள் வருடம் முழுக்கச் சிரிப்பார்கள்.

ஐந்தாவதன் அடிப்பாகம் நல்ல கேக் துண்டு உயரத்துக்கு இருந்தது. நோலீன் கடையைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். கதவு வரை போனாள். திரும்பி வந்தாள். பிறகு அவள் வாயிலிருந்து ஓர் ஒலி வந்தது.

"ஆஹா."

"அவ்வளவுதான்," என்று எழுந்தார் ஆஞ்சலோ. "அந்த சத்தம் வந்துட்டா நான் பெட்டியை மூடிடுவேன்."

அவளுக்கு அந்த ஷூ தேவைப்பட்டதற்குக் காரணம் வலது முழங்கால். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நீள ஓட்டம் இன்னும் ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. அதுவும் மெத்தை மேல ஓடினா," என்று சொல்லியிருந்தார்.

நோலீனுக்கும் ஒன்றுதான் வேண்டும். கலங்கரை விளக்கத்திலிருந்து துறைமுகப் பாலம் வரை சங்கம் நடத்தும் வருடாந்திர ஓட்டத்தை அவள் ஒன்பது முறை முடித்திருந்தாள். பத்து முடித்தால் சட்டை எண் நிரந்தரமாகச் சொந்தம். சங்கக் கூடத்துப் பலகையில் தங்க எழுத்தில் பெயர். முடிக்காவிட்டால் அவளுடைய நாற்பத்தொன்று அடுத்த வருடம் வேறு யாருக்காவது போய்விடும்.

ஒன்பது வருடம் அந்த எண்ணைத் துவைத்துக் காயப்போட்டவள் அவள். யாருக்கும் விட்டுக்கொடுக்கிற உத்தேசம் இல்லை.

*

போர்ட் டன்ஸ்டன் நெடுந்தூர ஓட்டச் சங்கம் 1931இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் சுவரில் 'வலித்தால்தான் ஓட்டம்' என்று பெரிதாக எழுதியிருக்கும். விதி பதினான்கு, உட்பிரிவு ஆ: 'ஓட்டக்காரர் தரையை உணர வேண்டும்.'

உணர்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் மெர்வின் கட்ஸ் இருந்தார்.

மெர்வின் சங்கத்தின் காலணி அதிகாரி. அவருடைய வலது கட்டைவிரல்தான் சங்கத்தின் அளவுகோல். ஷூவின் அடிப்பாகத்தை அவர் அந்த விரலால் அமுக்குவார். நகத்தின் பாதிவரை அமிழ்ந்தால் அனுமதி. முழு நகமும் அமிழ்ந்தால் விசாரணை. ஆண்டுக்கொரு முறை, செயற்குழு முன்னிலையில், சங்கத்துக் குளிர்பெட்டியில் இருக்கும் ஒரு பாலாடைக் கட்டியை அமுக்கி விரலின் துல்லியம் சரிபார்க்கப்படும். ஓட்டப் பருவத்தில் மெர்வின் பாத்திரம் கழுவமாட்டார். விரல் ஊறிவிடுமாம். அவர் மனைவிக்கு ஒரு காலத்தில் சங்கத்தின் மேல் மரியாதை இருந்ததாகச் சொல்வார்கள்.

பதிவு செய்யும் வியாழக்கிழமை மாலை. மெர்வின் தோல் உறையைக் கழற்றி, விரலை வெளியே எடுத்து, நோலீனின் ஷூவில் வைத்து அமுக்கினார்.

நகம் போனது. அதற்குப் பின்னால் முதல் கணு போனது.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நோலீன்," என்றார் மெர்வின் தாழ்ந்த குரலில், "இது என்ன?"

"ஷூ, மெர்வ்."

"இது ஷூ இல்ல. சோபா."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். சுக அறிவிப்புப் படிவம், மூன்று பிரதி. ஏழாவது கேள்வி: 'காலணியை முதன்முதலில் அணிந்தபோது தாங்கள் எழுப்பிய ஒலி யாது? (அ) ஒன்றுமில்லை. (ஆ) ம்ம். (இ) ஆஹா.'

வேறு ஊர்க்காரி என்றால் முதலாவதில் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். நோலீன் சற்று யோசித்து, நினைவுபடுத்திப் பார்த்து, உண்மையாகவே மூன்றாவதில் கோடு போட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அவள் கணவன் டெஸ் கேட்டான்.

"ஏன்டி, 'ம்ம்'னு போட்டிருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"நான் 'ம்ம்'னு சொல்லலியே."

"நீ என்ன சொன்னேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, டெஸ்."

முப்பத்தைந்து வருட தாம்பத்தியத்தில் டெஸ் பலமுறை சந்தித்த சுவர் இது. அவன் தேநீர் போடப் போனான்.

*

விசாரணை அடுத்த வியாழன் நடந்தது.

தலைவர் கிரஹாம் ட்ரெலோர் தன் நாலு சக்கர மின்வண்டியிலேயே மேடை வரை வந்தார். இருக்கையில் ஆட்டுத்தோல் விரித்திருந்தது. முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்துக்கு ஒன்று. சாய்ந்து உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"நண்பர்களே! நம்ம நிறுவனர் 1931ல முதல் ஓட்டத்தை ஓடி முடிச்சு ஷூவைக் கழற்றினப்போ உள்ள ஒரு கூழாங்கல் இருந்துச்சு. முப்பத்தெட்டு கிலோமீட்டரும் அதோட ஓடியிருக்கார். நின்னு எடுத்துப் போடலாமேன்னு அவருக்குத் தோணுச்சா? தோணலை! அதுக்கு மேல அவர் எதையுமே யோசிச்சதா குறிப்பு இல்லை!"

கைதட்டல்.

"நான் 1974ல கடைசி எட்டு கிலோமீட்டர் எலும்போட எலும்பு உரச ஓடினேன். பாலத்துல விழுந்தேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு அடி ஓடினதில்லை. அதுதாம்மா ஓட்டம்! இந்தச் சங்கத்துல இதுவரைக்கும் இருபத்தேழு முழங்கால் மாத்தியிருக்கோம். பதினோரு இடுப்பு. மாநிலத்துல வேற எந்த சங்கமாவது கிட்ட வர முடியுமா?"

பலத்த கைதட்டல். எழுந்து நிற்க முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆறு பேர்.

"நோலீன்," என்று அவள் பக்கம் திரும்பினார். "உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் எனக்கில்லை. நீங்க நல்ல பெண்மணி. என் பேரப்பிள்ளைங்க உங்க பஸ்லதான் போறாங்க. ஆனா நீங்க 'ஆஹா'ன்னு சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன், கிரஹாம்."

"இங்க தலைவரேன்னு சொல்லணும்."

"சொன்னேன், தலைவரே."

"எந்த மாதிரி ஆஹா? சும்மா வாய்தவறி வந்ததா, இல்ல மனசார வந்ததா?"

நோலீன் யோசித்தாள். "மனசார," என்றாள்.

பின் வரிசையில் ஒரு கிழவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். 'ஆஹா, மனசார' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றப்பட்டது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார்.

இந்த இடத்தில் மணி எட்டு அடித்துவிட்டதால் வழக்கம்போல, இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் வாராந்திரச் சீட்டுக் குலுக்கல் நடந்தது. ஒரு தட்டு ஆட்டு விலாத் துண்டுகள் நோலீனுக்கே விழுந்தன. தலைவர் சிரித்த முகமாகத் தட்டைக் கொடுத்து, கைகுலுக்கிப் படமெடுத்துக்கொண்டு, முகத்தைப் பழையபடி மாற்றிக்கொண்டு விசாரணையைத் தொடர்ந்தார்.

தண்டனையை மெர்வின் படித்தார். அந்த ஓட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. மெதுவாக ஓடுகிறவர்கள் காலை ஆறு மணிக்கு, வேகமானவர்கள் ஒன்பதுக்கு. எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேரும்படி கணக்கு. பகல் ஒரு மணிக்கு முடிவுக்கோட்டைச் சுருட்டிவிடுவார்கள்.

"வழி ஒண்ணு," என்றார் மெர்வின். "சுகம் ஒரு அனுகூலம். அதனால நீங்க ஒன்பது மணிக்குக் கிளம்பணும்."

"எனக்கு ஆறரை மணி நேரம் ஆகும், மெர்வ். ஒரு மணிக்குள்ள எப்படி வர்றது?"

"அது எங்க துறை இல்ல. வழி ரெண்டு. ஆறு மணிக்கே கிளம்பலாம். ஆனா அதிகப்படி சுகத்தைச் சமன் செய்யிற அளவுக்கு அசௌகரியம் ஒண்ணை ஏத்துக்கணும்."

அவர் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டின் மேல், பட்டாணி அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு கல்.

"நிறுவனரின் கூழாங்கல்," என்றார். "வலது ஷூவுல. புறப்பாடு முதல் முடிவு வரை. முடிவுக்கோட்டுல திருப்பி ஒப்படைக்கணும். கல் இல்லேன்னா ஓட்டம் இல்ல."

முழங்கால் பழுதான அதே வலது காலின் ஷூவுக்குள்ளேயே கல். நோலீன் தங்கப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே சரியாக ஒரு வரி இடம் காலியாக இருந்தது.

"கொடுங்க," என்றாள்.

*

செப்டம்பர் கடைசி ஞாயிறு, காலை ஆறு மணி. கலங்கரை விளக்கத்தின் கீழே காற்று காதைப் பிய்த்தது. மெர்வின் இடுக்கியால் கல்லை எடுத்து அவள் ஷூவுக்குள் வைத்தார். பிறகு உள்ளேயிருக்கும் மெத்தைத் தகட்டின் குதிகால் பக்கம் சங்கத்து முத்திரைத் தாளை ஒட்டினார்.

"இது எதுக்கு?"

"தகட்டைத் தூக்கி அடியில கூடுதலா மெத்தை வைக்கக் கூடாது. முத்திரை கிழிஞ்சா தகுதி நீக்கம்."

"அடியில வைக்க இடமே இல்லியே, மெர்வ்."

"விதி பதினாலு, உட்பிரிவு ஊ."

முதல் கிலோமீட்டரில் கல் கடித்தது. இரண்டாவதில் பாதத்தின் வளைவுக்கு நகர்ந்து அங்கே கடித்தது. நோலீன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவது கிலோமீட்டரில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே மணற்பாதை இறங்கும் இடத்தில், ஏதோ நழுவியது போல இருந்தது. அதற்குப் பின் ஒன்றுமே இல்லை. மெத்தென்று இருந்தது. முழங்கால்கூட வாயைத் திறக்கவில்லை.

பத்தாவது கிலோமீட்டரில் மெர்வின் தன் வண்டியை ஓரம்கட்டி, மடக்கு நாற்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல, மெர்வ்."

அவர் பேனாவை நிறுத்தினார். "கொஞ்சம்கூடவா?"

"நிஜமா இல்ல."

"அப்படி எழுத இந்தப் புத்தகத்துல கட்டமே இல்லியே. 'தாங்கும்படி', 'தாங்காதபடி', 'பெருமையாக'. மூணுதான்."

"அதை நீயே பார்த்துக்கோ. நான் ஓடணும்."

இருபதாவதில் அவர் மறுபடி காத்திருந்தார். இம்முறை வண்டியை அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசினார். "நோலீன், எனக்காக ஒரு உதவி. முகத்தையாவது சுளியேன். கிலோமீட்டருக்கு ரெண்டு தடவை போதும். தலைவர் கேட்டா நான் பார்த்தேன்னு சொல்லணுமில்ல?"

"இப்படியா?"

"அது கொட்டாவி."

"அஞ்சு மணிக்கு எழுந்தா வேற என்ன வரும்?"

இருபத்தாறாவது கிலோமீட்டரில் பைன் மர வரிசை. மேக்பை பறவைகள் முட்டையிட்டு, கூட்டுப் பக்கம் வருகிறவர்களைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்துகிற காலம் அது. போர்ட் டன்ஸ்டனில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பறவையை ஏமாற்ற நோலீன் தொப்பிக்குப் பின்னால் இரண்டு கண்கள் வரைந்து வைத்திருந்தாள். பறவை அவளை விட்டுவிட்டது. ஆனால் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே, உறை கழற்றிய ஒரு கட்டைவிரல் நீண்டிருந்தது. காற்றின் ஈரத்தை அளப்பதற்காக மெர்வின் நீட்டியது.

கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று சரேலென்று இறங்கியது. கொத்தியது. போய்விட்டது.

மெர்வின் அலறிய அலறல் பின்னால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டதாம். அன்றைய ஓட்டத்தில் விதி பதினான்கின்படி தரையை உணர்ந்தவர் அவர் ஒருவர்தான். வண்டியிலிருந்து இறங்கிக் குதித்ததில் கீழே விழுந்திருந்தார்.

நோலீன் நின்றாள். "மெர்வ், ஒண்ணுமில்லியே?"

"ஓடு, ஓடு! நேரம் போகுது!" என்றார் மெர்வின். அவர் கண்ணில் நீர். அந்த ஒரு கணம் அவர் அதிகாரியாக இல்லை.

*

பன்னிரண்டு முப்பத்தெட்டு. துறைமுகப் பாலத்தின் மரப்பலகைகள் அவள் காலுக்கடியில் தடதடத்தன. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று யாரோ கத்தினார்கள். வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் டெஸ் இரும்புத் தட்டில் சாசேஜ்களையும் வெங்காயத்தையும் புரட்டிக்கொண்டிருந்தான். இடுக்கியைத் தலைக்கு மேல் ஆட்டினான்.

நோலீன் கோட்டைத் தாண்டினாள். கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். முடிந்தது. பத்து.

"கல்," என்றார் தலைவர், ஆட்டுத்தோலில் அமர்ந்தபடி.

அவள் ஷூவைக் கழற்றித் தலைகீழாக ஆட்டினாள். மணல் கொட்டியது. ஒரு யூகலிப்டஸ் இலை விழுந்தது. கல் விழவில்லை.

காலுறையை உதறினாள். இல்லை. ஷூவுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். இல்லை.

"உள்ள போயிருக்கும்," என்றாள். "இந்தத் தகட்டைத் தூக்கினா..."

"முத்திரை!" என்றார் தலைவர். "முத்திரை கிழிஞ்சா தகுதி நீக்கம்."

"அப்போ கல்லை எப்படி எடுக்கிறது?"

"எடுக்கத்தான் வேணும். கல் இல்லேன்னா ஓட்டம் இல்ல."

"எடுக்கணும்னா தூக்கணும், தலைவரே."

"தூக்கக் கூடாது. ரெண்டும் தெளிவான விதி. இதுல எங்க குழப்பம்?"

செயற்குழு அங்கேயே கூடியது. பிரச்சினையை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். துணைக்குழு நவம்பரில் அறிக்கை தரும். ஆனால் அன்றைய ஓட்டத்தின் பதிவு ஒரு மணிக்கு மூடப்படும். அதன்பின் எதையும் சேர்க்க முடியாது.

பன்னிரண்டு ஐம்பத்தொன்று. நோலீன் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முழங்கால் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. இன்னொரு முறை இந்தக் காலால் முடியாது என்பது மருத்துவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

டெஸ் வாகன நிறுத்தத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சாசேஜ் இடுக்கியோடு குனிந்தான். வாகன நிறுத்தம் முழுக்கக் கொட்டியிருந்த சரளையிலிருந்து பட்டாணி அளவில், சாம்பல் நிறமாக ஒன்றைப் பொறுக்கினான். நேரே நடந்து வந்தான்.

"இதையா தேடுறீங்க?" என்றான். "இங்கதான் கிடந்துச்சு."

நோலீன் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு," என்றான் டெஸ். "உன்னை யாரும் எதுவும் கேட்கலை."

அது உண்மைதான். படிவம் எதுவும் நீட்டப்படவில்லை. நோலீன் வாயை மூடிக்கொண்டாள்.

"அதிகாரி சோதிக்கட்டும்," என்றார் தலைவர்.

மெர்வின் முன்னால் வந்தார். அவருடைய வலது கட்டைவிரலில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பஞ்சும் கட்டும் போட்டிருந்தது.

"மெர்வின், விரல் வலிக்குதா?"

"இல்ல, தலைவரே. நர்ஸ் நல்லா மெத்தென்னு கட்டியிருக்காங்க. சுகமா இருக்கு."

அவர் கல்லை உள்ளங்கையில் வைத்தார். கட்டுப்போட்ட விரலை அதன்மேல் வைத்து அமுக்கினார். கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார். கண்ணைத் திறந்து டெஸ்ஸைப் பார்த்தார். டெஸ் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தார். ஒற்றைக் கால் ஷூவோடு உட்கார்ந்திருந்த நோலீனைப் பார்த்தார்.

"இதேதான்," என்றார். "தொண்ணூறு வருஷ வலி இதுல இருக்கு. எங்க வெச்சாலும் எனக்குத் தெரியும்."

தலைவர் கல்லை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். கண் கலங்கியது.

"ஏதோ ஒரு வாசனை வருதே..."

"வெங்காயமா, தலைவரே?" என்றான் டெஸ்.

"ஆமா!" என்றார் தலைவர் குரல் தழுதழுக்க. "நிறுவனருக்கு வெங்காயம்னா உயிர். குறிப்புல இருக்கு."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குப் பதிவேட்டில் நாற்பத்தொன்று ஏறியது.

*

அக்டோபர் முதல் வியாழன் பலகையில் தங்க எழுத்தில் பெயர் எழுதினார்கள். பாஸ்கோவில் ஓர் எழுத்து விட்டுப்போய் பிறகு நடுவில் நெருக்கி எழுதியிருந்தார்கள். நோலீன் கவலைப்படவில்லை. கல் பெட்டிக்குள் வெல்வெட்டின் மேல் அமர்ந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு பித்தளைத் தகடு: 'இருமுறை ஓடிய கல்.'

அந்த வார இறுதியில் மழை. நோலீன் ஷூவை நனைத்துக்கொண்டு வந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து உலர வைப்பதற்காக உள்தகட்டைத் தூக்கினாள். சங்கத்து முத்திரை ஊறித் தானாகவே கழன்று வந்தது.

அடியில், நுரை மெத்தைக்குள், தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொண்டு, பட்டாணி அளவில், சாம்பல் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது.

"டெஸ்!" என்று கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

கட்டைவிரலை அதன்மேல் வைத்து அமுக்கிப் பார்த்தாள். கல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. தகட்டை அதன்மேல் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையம் வரை ஏழு கிலோமீட்டர், அவசரமில்லாமல் ஓடினாள். நிறுவனர் நின்று எடுக்க மறந்த வலி முழுவதும் அவள் வலது காலுக்கு அடியில் இருந்தது.

கடற்கரை வளைவு திரும்பும் இடத்தில், கேட்க யாருமில்லாதபோது, நோலீன் சத்தமாகவே சொன்னாள்.

"ஆஹா."